வெள்ளிக்கிழமை யார் எறிவது? அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால்: வாசகர் கேள்வி பதில்

லூயிசியானா ஸ்டேட் யூனிவர்சிட்டி, ரசிகர்கள் வாயில் எல்.எஸ்.யு., 2023-ல் 71 ஆட்டம் ஆடி 54-ல் ஜெயித்து, கல்லூரி பேஸ்பால் பட்டத்தை ஏழாவது முறையாக வாங்கியது. அந்த சீசனை வைத்துக் கேள்வி அனுப்புங்கள் என்று அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பந்து எறிகிற பிட்சர்களைப் பற்றி. கேட்டவர்கள் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்கள். பிப்ரவரி முதல் ஜூன் வரை ஒரு கோச் விடாமல் போடுகிற கணக்கு, நாளைக்கு யார் கையில் தெம்பு மிச்சம் இருக்கிறது என்பதுதான்.

கே: சீசன் எப்போது ஆரம்பித்து எப்போது முடிகிறது? ஒரு மாணவன் 71 ஆட்டம் ஆடினால் படிப்பது எப்போது?
– வாசகர், திருச்சி

ப: பிப்ரவரி நடுவில் வரும் வெள்ளிக்கிழமை ஆரம்பம். 2023-ல் அது பிப்ரவரி 17. அன்றிலிருந்து மே மூன்றாவது வாரம் வரை 14 வாரம். வழக்கமான சீசனுக்கு 56 ஆட்டம் உச்சவரம்பு. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் ஒரே எதிரணியோடு தொடர். நடுவாரத்தில், செவ்வாயோ புதனோ, அக்கம்பக்கத்துக் கல்லூரியோடு ஓர் ஆட்டம். பதினான்கை நான்கால் பெருக்கினால் 56. எல்.எஸ்.யு. இருக்கும் எஸ்.இ.சி. கான்ஃபரன்ஸில் (தென்கிழக்குக் கல்லூரிகளின் கூட்டமைப்பு) 10 வார இறுதிகள் கான்ஃபரன்ஸ் ஆட்டங்களுக்குப் போய்விடும், அதாவது 30 ஆட்டம். அதற்கு முந்தைய நான்கு வாரம் வெளி அணிகளோடு. மே கடைசியில் கான்ஃபரன்ஸ் டோர்னமென்ட், அது முடிந்ததும் 64 அணிகளின் தேசியப் போட்டி. 56-க்கு மேல் ஆடுகிற ஒவ்வோர் ஆட்டமும் ஜெயித்துச் சம்பாதித்தது.

படிப்பு விஷயத்தில் விதி இருக்கிறது. சீசன் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம், நாளுக்கு 4 மணி நேரம், வாரம் ஒரு நாள் கட்டாய ஓய்வு. ஆனால் ஓர் ஆட்டம் எவ்வளவு நேரம் இழுத்தாலும் கணக்கில் 3 மணி நேரம் என்றுதான் எழுதுவார்கள். பஸ்ஸில் போகிற எட்டு மணி நேரம் கணக்கிலேயே வராது. அதனால் 20 என்பது காகிதத்தில் 20. வெளியூர் தொடருக்கு வியாழக்கிழமையே கிளம்ப வேண்டியிருப்பதால், திங்கள் முதல் புதன் வரை வருகிற வகுப்புகளாகப் பார்த்து எடுப்பது வழக்கம்.

கே: பால் ஸ்கீன்ஸ் மாதிரி ஒருவர் இருக்கும்போது அவரை வாரம் ஒரு தடவைதான் இறக்குவது வீணில்லையா?
– வாசகர், மதுரை

ப: வீணாக்காமல் இருப்பதற்குத்தான் வாரம் ஒரு தடவை. எல்.எஸ்.யு.வின் 2023 முதன்மை பிட்சரான ஸ்கீன்ஸ் 100 மைல் வேகத்தைத் தொட்டவர், நம் கணக்கில் மணிக்கு 161 கிலோமீட்டர். அந்த வேகத்துக்கு முழங்கையின் உட்புறத் தசைநார் ஒவ்வொரு பந்துக்கும் அதன் தாங்கு எல்லை வரை இழுபடுகிறது. அது கிழிந்தால் டாமி ஜான் அறுவை சிகிச்சை, திரும்பி வர 12 முதல் 18 மாதம். கல்லூரி வாழ்க்கையில் அது ஒரு முழு சீசன், சில சமயம் இரண்டு.

வெள்ளிக்கிழமை ஆரம்ப பிட்சரின் வாரம் பெரும்பாலும் இப்படிப் போகும். வெள்ளி இரவு 95 முதல் 110 பந்து. சனிக்கிழமை எறிதல் கிடையாது. சைக்கிள் அல்லது மெது ஓட்டம், பிறகு காலுக்கு எடைப் பயிற்சி. காலை ஏன் என்றால், வேகம் கிளம்புவது இடுப்புக்குக் கீழேதான், கை அதைக் கடைசியில் பந்துக்குக் கொடுக்கிறது. ஞாயிறு 90 அடி தூரத்தில் மெல்ல கேட்ச். திங்கள் லாங் டாஸ், 200 அடிக்கு மேல், பந்தை வளைவாகத் தூக்கி எறிந்து தோளைத் தளர்த்துவது. செவ்வாய் அல்லது புதன் புல்பென்னில் (பிட்சர்கள் எறிந்து பார்க்கும் ஓரக் களம்) 25 முதல் 35 பந்து, முக்கால் வேகத்தில், போன வாரம் சரியாக விழாத பந்தை மட்டும் குறிவைத்து. வியாழன் பத்து நிமிட கேட்ச், எதிரணி பேட்டர்களின் வீடியோ. ஆறு நாள் இடைவெளி முழுசாகக் கிடைக்கிறது. தொழில்முறை லீக்கில் இது நான்கு அல்லது ஐந்து நாள்தான்.

இப்போது வாரக் கணக்குக்கு வாருங்கள். ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ் (ஒன்றுக்கு மூன்று அவுட்), நான்கு ஆட்டம் என்றால் 36 இன்னிங்ஸ். வெள்ளிக்கிழமைக்காரர் 7, சனி 5, ஞாயிறு 5 என்று வைத்தால் 17 ஆயிற்று. பாக்கி 19 இன்னிங்ஸை யாராவது எறிந்தாக வேண்டும். 34, 35 பேர் அணியில் பாதிப்பேர் பிட்சர்களாக இருப்பது இதனால்தான். செவ்வாய்க்கிழமை ஆட்டத்தில் ஐந்தாறு பேர் ஆளுக்கு ஒன்று, இரண்டு இன்னிங்ஸ் எறிவதைப் பார்த்து ‘கோச் குழம்பிப் போயிருக்கிறார்’ என்று டிவி முன்னால் திட்டுகிறவர்கள் உண்டு. முதலாமாண்டு மாணவர்களில் யாரை ஏப்ரலில் நம்பலாம் என்று பார்க்கிற பரீட்சை அது.

கே: கிரிக்கெட்டில் ஒருநாள் போட்டிக்கு 10 ஓவர் என்பது போல பிட்சருக்குப் பந்து வரம்பு உண்டா? இல்லையென்றால் எப்போது மாற்றுவது என்று எப்படித் தெரியும்?
– ஒரு வாசகி, வேலூர்

ப: கல்லூரிப் போட்டியை நடத்தும் என்.சி.ஏ.ஏ. விதியில் வரம்பு இல்லை. பள்ளி ஆட்டங்களுக்கு இருக்கிறது, கல்லூரிக்குக் கிடையாது. எல்லாம் கோச்சின் மனசாட்சி, இப்போதெல்லாம் பிட்சரின் பெற்றோரும் வருங்கால ஏஜென்ட்டும்.

எண்ணிக்கையைவிட முதலில் காட்டிக்கொடுப்பது பந்து போகிற இடம். களைத்த கை பந்தை மேலே விடும். வலதுகைக்காரர் என்றால் பந்து அவருடைய கைப் பக்கமாக, உயரே நழுவும். முன் தோள் முன்கூட்டியே திறந்துகொள்வதால் வருவது அது. கடைசியில் திரும்ப வேண்டிய ஸ்லைடர் பந்து திரும்பாமல் நேராகவே மிதந்து வரும், அதைத்தான் பேட்டர்கள் வேலிக்கு வெளியே அனுப்புவார்கள். ராடாரில் 2, 3 மைல் குறையும். பந்துக்குப் பந்து, எறிகிற மேட்டைச் சுற்றி நடக்கிற நேரம் கூடும். பந்துக்கு 20 விநாடி என்ற கடிகாரம் வந்த பிறகு அந்தத் தந்திரமும் எடுபடுவதில்லை. மறுநாள் எறிய வேண்டிய பிட்சர் டக்-அவுட்டில் (அணியினர் உட்காரும் இடம்) சார்ட்டும் பேனாவுமாக ஒவ்வொரு பந்தின் வகை, வேகம், விழுந்த இடத்தைக் குறித்துக்கொண்டிருப்பார். கோச் எழுவதற்கு முன் ஒரு நிமிஷம் அந்தத் தாளை எட்டிப் பார்ப்பார், கவனியுங்கள்.

புல்பென்னில் ஒரு சிக்கல் உண்டு. ரிலீவரை (பாதியில் மாற்றாக வரும் பிட்சர்) எழுப்பி 20 பந்து எறியவிட்டு, ஆபத்து விலகியதும் உட்கார வைப்பார்கள். இரண்டு இன்னிங்ஸ் கழித்து மறுபடி எழுப்புவார்கள். ஸ்கோர் புத்தகத்தில் அவர் பெயரே இருக்காது, ஆனால் கையில் 40 பந்து ஏறியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஏழாவது இன்னிங்ஸில் வந்த ரிலீவர் திடீரென்று நான்கு பேருக்கு வாக் (குறி தப்பிய நான்கு பந்துக்குக் கிடைக்கும் இலவச பேஸ்) கொடுத்து அனுப்புகிறார் என்றால், சனிக்கிழமை அவர் எத்தனை முறை எழுந்து நின்றார் என்று விசாரிக்க வேண்டும்.

கே: ஒமாஹாவில் ஃப்ளோரிடாவிடம் 24–4 என்று தோற்றுவிட்டு, மறுநாளே அதே அணியை 18–4 என்று எல்.எஸ்.யு. எப்படி அடித்தது? ஏதாவது உள்ளே நடந்ததா?
– வாசகர், நாகர்கோவில்

ப: உள்ளே நடந்தது கணக்குதான். ஒமாஹா என்றால் கடைசி எட்டு அணிகள் மோதும் கல்லூரி உலகத் தொடர்; அங்கே அந்தப் பத்து நாளையும் வரிசையாகப் பார்த்தால் மர்மம் இருக்காது.

ஜூன் 17, டென்னஸியோடு முதல் ஆட்டம், ஸ்கீன்ஸ் எறிந்தார், 6–3. ஜூன் 19, வேக் ஃபாரஸ்ட்டிடம் 3–2 தோல்வி. இரண்டு தோற்றால் வீட்டுக்கு என்பதால், அடுத்த ஒவ்வோர் ஆட்டமும் வாழ்வா சாவா. ஜூன் 20 டென்னஸியோடு மறுபடி. ஸ்கீன்ஸுக்கு மூன்றே நாள் ஆகியிருந்தது. கோச் ஜே ஜான்சன், சீசனில் பெரும்பாலும் ரிலீவராக வந்த நேட் ஆக்கன்ஹாசனை ஆரம்பிக்கச் சொன்னார்; அவர் 6 இன்னிங்ஸில் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை, 5–0. எங்களைக் கேட்டால் அந்தப் பட்டத்தின் நிஜமான திருப்பம் அந்த 6 இன்னிங்ஸ். அது நடக்காமல் போயிருந்தால் மற்ற பிட்சர்களை எல்லாம் அன்றே இறக்கித் தீர்த்திருப்பார்கள். ஜூன் 21 வேக் ஃபாரஸ்ட்டை 5–2. ஜூன் 22 மறுபடி வேக் ஃபாரஸ்ட். ஸ்கீன்ஸ் நான்கு நாள் ஓய்வில் வந்து 8 இன்னிங்ஸ் பூஜ்யம், எதிரில் ரெட் லவுடர் 7 இன்னிங்ஸ் பூஜ்யம். எட்டாவதில் வேக் ஃபாரஸ்ட் பன்ட் (மட்டையை வீசாமல் பந்தை மெல்லத் தட்டுவது) வைத்து, மூன்றாம் பேஸில் நின்ற தன் ஓட்டக்காரரை உள்ளே கொண்டுவரப் பார்த்தது. முதல் பேஸிலிருந்து பாய்ந்து வந்த எல்.எஸ்.யு.வின் ட்ரே மார்கன், விழுந்தபடியே பந்தை ஹோம் பிளேட்டின் பின்னால் நிற்கும் கேட்சருக்குத் தள்ளி, அவரை அங்கேயே அவுட் ஆக்கினார். பதினோராவதில் டாமி வைட் வேலிக்கு வெளியே அடித்த ஹோம் ரன்னில் 2–0.

ஃப்ளோரிடாவோடு ஃபைனல், மூன்றில் இரண்டு. ஜூன் 24, எல்.எஸ்.யு.வின் டை ஃப்ளாய்ட் 8 இன்னிங்ஸில் 17 ஸ்ட்ரைக் அவுட் (பேட்டரை அடிக்கவிடாமலே அவுட் ஆக்குவது), பதினோராவது இன்னிங்ஸில் கேட் பெலோசோவின் ஹோம் ரன், 4–3. மறுநாள்தான் அந்த 24–4. கல்லூரி உலகத் தொடரில் ஓர் அணி ஒரே ஆட்டத்தில் எடுத்த அதிகபட்ச ரன் அது. அந்த இடத்தில் ஒரு கோச்சுக்கு இரண்டே வழி. நல்ல ரிலீவர்களை இறக்கி 24-ஐ 14 ஆக்கலாம். அல்லது, தோற்ற ஆட்டம் ஒரு ரன்னில் தோற்றாலும் இருபதில் தோற்றாலும் ஒன்றுதான் என்று, நாளைக்கு வேண்டாத கைகளை வைத்து ஒன்பது இன்னிங்ஸை ஓட்டிவிடலாம். இரண்டாவதுதான் புத்திசாலித்தனம். எஸ்.இ.சி. ஆட்டமாக இருந்தால் 10 ரன் வித்தியாசத்தில் ஏழாவதோடு நிறுத்தியிருப்பார்கள். ஒமாஹாவில் அன்று அந்தச் சலுகை இல்லை.

ஜூன் 26, தாட்சர் ஹர்ட் முதல் இன்னிங்ஸில் 2 ரன் கொடுத்தார், பிறகு ஆறாவது வரை கதவைச் சாத்திவிட்டார். எதிர்ப்பக்கம் ஃப்ளோரிடாவின் பிட்சர்கள் தீர்ந்துபோயிருந்தார்கள். ஸ்கீன்ஸைத் தொட வேண்டிய அவசியமே வரவில்லை. ஃபைனல் மூன்றிலும் ஒரு பந்துகூட எறியாதவர்தான் அந்த உலகத் தொடரின் சிறந்த வீரர்.

கே: ‘டபுள் எலிமினேஷன்’ புரியவில்லை. முதல் ஆட்டத்தில் தோற்றவர்களும் ஜெயிக்கலாமாமே?
– வாசகர், ஈரோடு

ப: ஜெயிக்கலாம், ஆனால் வாடகை அதிகம். 64 அணிகள் 16 ஊர்களில் நான்கு நான்காகப் பிரிந்து ஆடும்; இதற்கு ரீஜனல் என்று பெயர். இரண்டாவது தோல்வியோடு வெளியே. தோற்காமல் போகிற அணி மூன்றே ஆட்டத்தில் முடித்துவிடும். முதல் ஆட்டத்திலேயே தோற்றால் அடுத்து வரிசையாக நான்கு ஜெயிக்க வேண்டும், ஆக ஐந்து ஆட்டம், அதுவும் வெள்ளி முதல் திங்கள் வரை நான்கே நாளில். 45 இன்னிங்ஸ். மூன்று ஆரம்ப பிட்சர்களும் எறிந்து முடித்த பிறகு இன்னும் இரண்டு முழு ஆட்டம் பாக்கி இருக்கும். அதனால்தான் முதல் ஆட்டத்தில் சுமாரான எதிரணி என்று நினைத்து ஏஸை (முதன்மை பிட்சரை) ஒளித்து வைக்கலாமா என்பது ஒவ்வொரு மே மாதமும் நடக்கிற சண்டை. ஒளித்து வைத்துத் தோற்ற அணிகளின் பட்டியல் நீளம்.

ரீஜனலில் ஜெயித்த 16 அணிகள் இருவர் இருவராக சூப்பர் ரீஜனல், மூன்றில் இரண்டு. மிஞ்சிய எட்டு அணிகள் நெப்ராஸ்காவின் ஒமாஹாவுக்கு. அங்கே மறுபடி நான்கு நான்காக டபுள் எலிமினேஷன், அதன் இரு வெற்றியாளர்களுக்கும் மூன்று ஆட்ட ஃபைனல். 2023-ல் எல்.எஸ்.யு. ரீஜனலில் மூன்றும், சூப்பர் ரீஜனலில் கென்டக்கியோடு இரண்டும் தோற்காமல் ஜெயித்தது. ஒமாஹாவில் எட்டு ஆட்டம் தாங்கியதற்கு அந்த முந்தைய சுற்றுகளில் மிச்சம் பிடித்ததும் ஒரு காரணம்.

கே: ஸ்கீன்ஸ் 122.2 இன்னிங்ஸ், இ.ஆர்.ஏ. 1.69 என்று போட்டிருக்கிறது. நான் கணக்குப் போட்டால் வேறு எண் வருகிறதே?
– கணித ஆசிரியர், கும்பகோணம்

ப: சாரை மடக்கியது அந்தப் புள்ளி. 122.2 என்பது தசமம் இல்லை. ஓர் இன்னிங்ஸுக்கு மூன்று அவுட். புள்ளிக்குப் பின் வருவது மிச்ச அவுட்டுகளின் எண்ணிக்கை. ஆக 122 இன்னிங்ஸும் 2 அவுட்டும், அதாவது 122.667. இ.ஆர்.ஏ. என்பது ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை எர்ன்டு ரன் என்ற சராசரி; அவர் கொடுத்த எர்ன்டு ரன் 23. அதை 9-ஆல் பெருக்கி 122.667-ஆல் வகுங்கள்: 1.69. எர்ன்டு ரன் என்பது ஃபீல்டரின் பிழை இல்லாமல் வந்த ரன் மட்டும். அதே சூத்திரத்தில் 209 ஸ்ட்ரைக் அவுட்டைப் போட்டுப் பாருங்கள், ஒன்பது இன்னிங்ஸுக்கு 15.3 வரும். 27 அவுட்டில் 15 பேர் பந்தை மைதானத்துக்குள் அடிக்க முடியாமலே திரும்பினார்கள் என்று அர்த்தம். 209 எஸ்.இ.சி. சாதனை.

கே: கேட்சர் ஒவ்வொரு பந்துக்கும் முன் மணிக்கட்டைப் பார்த்துக்கொள்கிறாரே?
– மாணவி, புதுச்சேரி

ப: கட்டியிருப்பது எண் அட்டை. டக்-அவுட்டிலிருந்து கோச் மூன்று எண் சொல்வார். அட்டையில் அந்தக் கட்டத்தில் ‘ஸ்லைடர், வெளிப்பக்கம், கீழே’ என்று இருக்கும். எதிரணி திருடாமல் இருக்க அட்டையை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். இப்போது பல அணிகளில் காதுக் கருவியில் கோச் நேராகச் சொல்லிவிடுகிறார்.

கே: கல்லூரி ஆட்டத்தில் மட்டையில் பட்டால் ‘டிங்’ என்று உலோகச் சத்தம் வருகிறது. தொழில்முறையில் மரம்தானே? உலோகம் என்றால் பந்து இன்னும் தூரம் போகாதா?
– வாசகர், சேலம்

ப: போனது, அதனால்தான் கட்டுப்பாடு வந்தது. 1974 முதல் கல்லூரியில் அலுமினிய மட்டை அனுமதி. மரம் முறிந்தால் காசு. உலோகம் சீசன் முழுக்க வரும். ஆனால் சுவர் மெல்லியதாக ஆக ஆக, பந்து படும்போது உலோகம் உள்ளே அமுங்கி எகிறிப் பந்தைத் தள்ளியது. பந்து பிட்சரின் முகத்துக்குத் திரும்பி வருகிற வேகம் பயமுறுத்தியது. 2011-ல் பி.பி.சி.ஓ.ஆர். என்ற அளவு வந்தது: பந்து எகிறும் குணகம் 0.50-ஐத் தாண்டக்கூடாது, கிட்டத்தட்ட மரத்தின் அளவு. இன்னொரு விதி, நீளத்தை அங்குலத்திலும் எடையை அவுன்ஸிலும் எழுதினால் வித்தியாசம் மூன்றுக்கு மேல் போகக்கூடாது. 33 அங்குல மட்டை குறைந்தது 30 அவுன்ஸ், சுமார் 850 கிராம். பருத்த பகுதியின் விட்டம் 2⅝ அங்குலத்துக்குள்.

விளைவு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. 2014 ஒமாஹாவில் மொத்தமே 3 ஹோம் ரன். ரசிகர்கள் கொட்டாவி விட்டார்கள். 2015-ல் மட்டையைத் தொடாமல் பந்தை மாற்றினார்கள்: தையல் மேடு 0.048 அங்குலத்திலிருந்து 0.031 ஆனது. மேடு குறைந்தால் காற்று பிடித்து இழுப்பது குறையும். நன்றாக அடிபட்ட பந்து சுமார் 20 அடி கூடுதலாகப் போகும். பந்தின் திருப்பமும் கொஞ்சம் குறைந்ததால் பிட்சர்கள் முனகினார்கள்.

மட்டையில் தவறு நடக்கும் இடம் காம்போசிட் வகை. கார்பன் இழைகள் அடி வாங்க வாங்க உள்ளே இளகி, பழைய மட்டை புதியதைவிட அதிகமாக எகிற ஆரம்பிக்கும். அதனால் தொடருக்கு முன் மட்டையை ஒரு கருவியில் வைத்து அழுத்திப் பார்த்து, எவ்வளவு விசைக்கு அமுங்குகிறது என்று அளந்து, தேறினால் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். தேறாதது ஓரங்கட்டப்படும். பிப்ரவரிக் குளிர் இன்னொரு எதிரி. 15 டிகிரிக்குக் கீழே போனால் பந்து கெட்டியாகி, காம்போசிட் மட்டை விரிசல் விடும். வட மாநில அணிகள் முதல் மாதம் தெற்கே பஸ் ஏறுவதற்குப் பனி மட்டும் காரணமில்லை.

கோடையில் இவர்களே மசாசூசெட்ஸின் கேப் காட் லீக்கில் மர மட்டையோடு ஆடுவார்கள். தொழில்முறை அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் ஒரு பேட்டரைப் பற்றி எழுதுகிற கடைசி வரி பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகும்.

கே: ஆட்டம் முடிந்ததும் பிட்சர் நிற்கும் மேட்டை ஒருவர் நீண்ட நேரம் இடித்துக்கொண்டிருக்கிறார். அதில் அப்படி என்ன வேலை?
– வாசகர், காரைக்குடி

ப: மைதானத்திலேயே பொறுப்பான வேலை அது. மேடு 18 அடி விட்டமுள்ள வட்டம். உச்சியில் 24 அங்குல நீளம், 6 அங்குல அகலத்தில் ரப்பர் பலகை. அதன் மேல்மட்டம் ஹோம் பிளேட்டைவிட 10 அங்குலம் உயரம், தூரம் 60 அடி 6 அங்குலம். ரப்பருக்கு 6 அங்குலம் முன்னாலிருந்து சரிவு ஆரம்பித்து அடிக்கு ஓர் அங்குலம் இறங்கும்.

ஓர் ஆட்டத்தில் இரண்டு அணிக்கும் சேர்த்து 300 பந்து போகும். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு கால் ரப்பரை ஒட்டித் தோண்டும், மற்றது முன்னால் ஓரிடத்தில் அடித்து இறங்கும். இரவுக்குள் அங்கே ஒரு குழி. வலதுகை, இடதுகைக்காரர்களுக்கு இறங்கும் இடம் வேறு, ஆளுக்கு ஆள் உயரமும் வேறு, எனவே ஒரு குழிக்குள் இன்னொரு குழி.

அவசரக்காரர்கள் செய்யும் தப்பு, சிதறிய உதிரி மண்ணையே குழிக்குள் தள்ளி மிதிப்பது. மறுநாள் மூன்றாவது பந்திலேயே அது பெயர்ந்துவிடும். சரியான முறை: உதிரியை முழுக்கப் பெருக்கி வெளியே எடுத்து, கெட்டியான அடித்தளம் தெரியும்வரை போக வேண்டும். அதை லேசாகக் கீறிவிட்டுத் தண்ணீர் தெளிக்க வேண்டும். பளபளப்பு மறைந்து ஈரம் மட்டும் நிற்கிற பதம். காய்ந்த தளத்தில் புதுக் களிமண் ஒட்டாது, சேறாக இருந்தால் இடிக்கும் கட்டையோடு வந்துவிடும். மேட்டுக்கென்று வரும் களிமண், இன்ஃபீல்டு மண்ணைவிடப் பசை அதிகம். அதை ஓர் அங்குலம் ஓர் அங்குலமாகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் இடிக்க வேண்டும். ஒட்டாமல் இருக்க இடிகட்டைக்கு ஒரு துண்டோ பிளாஸ்டிக் பையோ சுற்றிக்கொள்வார்கள். மட்டம் பார்த்து, மேலே சுட்ட களிமண் துகளைத் தூவி, தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். மூடாமல் விட்டால் காலையில் வெயிலில் வெடிக்கும்.

இறங்கும் கால் இரண்டு அங்குலம் அதிகமாகப் புதைந்தால் உடல் முன்னால் சரிந்து, கை பின்னால் தங்கிவிடும். பந்து மேலே போகிறது. பாரம் முழங்கைக்குப் போகிறது. சனிக்கிழமை பிட்சர் தடுமாறுவதற்கு வெள்ளிக்கிழமை இரவு மேட்டைச் சரியாக மூடாததும் காரணமாக இருக்கலாம்.

கே: அமெரிக்க அதிபர் ஒருவர் இந்தப் போட்டியில் ஆடியிருக்கிறாராமே?
– வாசகர், தூத்துக்குடி

ப: ஜார்ஜ் எச்.டபிள்யூ. புஷ். யேல் அணியின் முதல் பேஸ்காரர். 1947-ல் மிச்சிகனின் காலமசூவில் நடந்த முதல் உலகத் தொடரிலும் 1948-லும் ஆடினார். இரண்டிலும் யேல் தோற்றது. 1950 முதல் ஒமாஹாவே நிரந்தர ஊர்.

கே: ஏப்ரலில் தோற்றுக்கொண்டிருக்கிற அணிக்கு இன்னும் வழி உண்டா? 64 பேரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?
– வாசகர், திண்டுக்கல்

ப: உண்டு. ஓல் மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்), 2022. எஸ்.இ.சி.யில் ஒரு கட்டத்தில் 7 வெற்றி, 14 தோல்வி. கடைசியில் 14–16. கான்ஃபரன்ஸ் டோர்னமென்டில் முதல் ஆட்டத்திலேயே வெளியே. 64-இல் கடைசியாக இடம் கிடைத்த அணிகளில் ஒன்று. அங்கிருந்து போய்ப் பட்டம் வாங்கியது. ஒமாஹாவில் டிலன் டெலூசியா ஆர்க்கன்சாவுக்கு எதிராக ஒன்பது இன்னிங்ஸையும் தானே எறிந்து 2–0 என்று முடித்த ஆட்டம் புல்பென் முழுவதற்கும் ஓய்வு கொடுத்தது. மறுபடி அதே கணக்குதான், கவனித்தீர்களா?

கான்ஃபரன்ஸ் சாம்பியன்கள் சுமார் 30 பேர் நேராக உள்ளே. மீதியைக் குழு பொறுக்குகிறது. இத்தனை காலம் அதன் கையில் இருந்த முக்கியக் கருவி ஆர்.பி.ஐ.: சொந்த வெற்றி விகிதத்துக்கு 25 சதவீதம், எதிரணிகளின் வெற்றி விகிதத்துக்கு 50, அந்த எதிரணிகளின் எதிரணிகளுக்கு 25. வெளியூரில் ஜெயித்தால் 1.3 வெற்றி, சொந்த ஊரில் ஜெயித்தால் 0.7. அதனால் பலவீனமான அணியை வீட்டுக்குக் கூப்பிட்டுச் செவ்வாய்க்கிழமை 15–1 என்று அடித்தாலும் தரவரிசை கீழே இறங்கக்கூடும். மே மாதத்தில் அப்படிப்பட்ட ஆட்டத்தின்மேல் மழை பெய்தால், அதை மறுபடி வைக்க யாரும் பெரிதாக மெனக்கெடுவதில்லை.

கே: அண்ணன் மகன் டெக்சஸில் பள்ளி இறுதியாண்டு, நல்ல பிட்சர். கல்லூரிக்குப் போவதா, நேரே தொழில்முறைக்குப் போவதா என்று வீட்டில் பேச்சு. ஸ்காலர்ஷிப் முழுதாகக் கிடைக்குமா?
– ஒரு வாசகி, கோவை

ப: முதலில் விதி. பள்ளி முடித்தவரைத் தொழில்முறை அணி டிராஃப்டில் (அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) எடுக்கலாம். கையெழுத்துப் போடாமல் நான்காண்டுக் கல்லூரிக்குப் போய்விட்டால், மூன்றாம் ஆண்டு முடியும்வரை அல்லது 21 வயது ஆகும்வரை மறுபடி எடுக்க முடியாது. இரண்டாண்டு ஜூனியர் காலேஜ் என்றால் ஒவ்வோர் ஆண்டும் எடுக்கலாம். டிராஃப்ட் ஜூலையில், 20 சுற்று.

பேரம் பேசும் பலம் மூன்றாம் ஆண்டில்தான் அதிகம். ‘தொகை பிடிக்கவில்லை, இன்னொரு வருஷம் ஆடிக்கொள்கிறேன்’ என்று சொல்ல முடியும். நான்காம் ஆண்டு முடித்தவருக்கு அந்த வாசல் இல்லை. அணிகளுக்கும் அது தெரியும், தொகை சரிந்துவிடும். 2023-ல் மூன்றாம் ஆண்டு முடித்த ஸ்கீன்ஸ் முதல் ஆளாகப் பிட்ஸ்பர்க்குக்கு 92 லட்சம் டாலர் போனஸில் போனார், எல்.எஸ்.யு.வின் டிலன் க்ரூஸ் இரண்டாவதாக வாஷிங்டனுக்கு. ஒரே கல்லூரியிலிருந்து முதல் இரண்டு இடம் அதுவரை நடந்ததில்லை. அந்த ஸ்கீன்ஸே முதல் இரண்டு ஆண்டு விமானப்படை அகாடமியில் கேட்சராகவும் பிட்சராகவும் இருந்தவர். மூன்றாம் ஆண்டு தொடங்கினால் ராணுவ சேவை ஒப்பந்தம் கட்டுப்படுத்தும் என்பதால் அதற்கு முன்பே மாறினார்.

ஸ்காலர்ஷிப்: 2025 வரை முதல் டிவிஷன் அணி ஒன்றுக்கு மொத்தம் 11.7 முழு ஸ்காலர்ஷிப்தான், அதைப் பல பேருக்குப் பிய்த்துக் கொடுத்தார்கள். கால்வாசி, மூன்றிலொரு பங்கு என்பதுதான் சாதாரணம். 2025 ஜூலையிலிருந்து, புது வருமானப் பகிர்வு ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பு போய், 34 பேர் என்ற ஆள் வரம்பு வந்தது. விரும்பினால் 34 பேருக்கும் முழுதாகக் கொடுக்கலாம். ‘விரும்பினால்’ என்பதை அடிக்கோடிடுங்கள். எல்லாக் கல்லூரிக்கும் அந்தப் பணம் இல்லை. ஆள் வரம்பு குறைந்ததால், ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணியில் ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பும் சுருங்கிவிட்டது.

கோச்சிடம் கேட்க வேண்டியவை: எவ்வளவு சதவீதம், அது ஓராண்டுக்கா பல ஆண்டுக்கா, காயம் பட்டால் தொடருமா, எல்லாம் எழுத்தில். போன சீசனில் முதலாமாண்டு பிட்சர்கள் ஒவ்வொருவரும் எத்தனை இன்னிங்ஸ் எறிந்தார்கள் என்பதைக் கல்லூரியின் இணையதளத்தில் நீங்களே எண்ணிவிடலாம். கடைசி ஐந்தாண்டில் அந்த அணியில் எத்தனை பேருக்கு முழங்கை அறுவை சிகிச்சை நடந்தது என்பதையும் விசாரியுங்கள். அதற்குக் கோச் நேராகப் பதில் சொல்லாவிட்டால், அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.